விற்கத் தெரியாமல் நெட்வொர்க்கில் சேராதீர்கள்

(அறக்கட்டளையின் சுயதொழில் வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

காலையிலிருந்து தையல், சிற்றுண்டி, ஆடு வளர்ப்பு, மொபைல் ரிப்பேர் என்று பல தொழில்களைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் பேசினார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்டது நெட்வொர்க் மார்க்கெட்டிங். இதைத் தனித் தலைப்பாக வைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்ததற்குக் காரணம் இருக்கிறது. வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் மனுக்களில், என்ன தொழில் என்ற இடத்தில் "மார்க்கெட்டிங்" என்று ஒரே ஒரு சொல் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். உட்கார வைத்து விசாரித்தால் ஒரு கம்பெனியில் ஐடி போட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்கிறார்கள். என்ன பொருள் என்று கேட்டால் சிலருக்குச் சொல்லத் தெரிகிறது. யாருக்கு விற்பீர்கள் என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "விற்கவே வேண்டியதில்லையாம், நாலு பேரைச் சேர்த்துவிட்டால் போதுமாம்."

அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நெட்வொர்க் மார்க்கெட்டிங் என்ற பெயரில் நடப்பதெல்லாம் மோசடி என்று ஒரேயடியாகச் சொல்ல நாங்கள் வரவில்லை. கடையில் வைக்காமல் ஆட்கள் மூலம் வீடு வீடாகப் பொருளை விற்பது பழைய முறை. நம்முடைய சமுதாயத்துக்கு அது புதிதும் அல்ல. சைக்கிள் கேரியரில் ஜவுளி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன தவணைக்கார பாய்மார்களை இங்கே இருக்கும் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். சிலருடைய அத்தாவே அந்த வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பார். ஒரு சேலையைக் கொடுத்துவிட்டு வாரம் இவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொள்வார். எந்த வீட்டில் அறுவடைக்குப் பிறகு காசு புழங்கும், எந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், எந்த அம்மாவுக்கு அடர்ந்த நிறம் பிடிக்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மழை பொய்த்த வருஷம் பாக்கியைக் கேட்காமல் நலம் மட்டும் விசாரித்துவிட்டுப் போவார். அடுத்த வருஷம் அந்த ஊரில் வேறொருவர் மூட்டையை அவிழ்த்தாலும், "எங்க பாய் வரட்டும்" என்று பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். விற்பனைத் திறமை என்று இன்று ஹோட்டல் ஹாலில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்களே, அதில் பெரும்பகுதி அந்தச் சைக்கிளின் மேல் இருந்தது.

நம்முடைய மார்க்கத்திலும் விற்பனை என்பது கூச்சப்பட வேண்டிய வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது, ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். இவர்களோ அதற்கு துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்குப் போய் நெய்யும் உலர்ந்த பாலாடைக் கட்டியும் சம்பாதித்துக்கொண்டு திரும்பினார்கள். எத்தனையோ பயான்களில் கேட்ட சம்பவம்தான். ஆனால் அவர்கள் ஈட்டி வந்தது என்ன என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். நெய்யும் பாலாடைக் கட்டியும். ஒரு வீட்டுக்கு இன்று தேவை, தீர்ந்தால் மறுபடியும் தேவை.

தரகு வேலைக்கும் அப்படித்தான். கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் ஒரு ஹதீஸில் அறிவிக்கிறார்கள்: மதீனாவில் தங்களைத் தரகர்கள் என்ற பொருளில் ஸமாஸிரா என்று மக்கள் அழைத்து வந்ததாகவும், நபி (ஸல்) அவர்கள் அதைவிட நல்ல பெயராக வியாபாரிகள் என்று தங்களை அழைத்ததாகவும், வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடும் என்பதால் அதனுடன் ஸதகாவையும் கலந்துகொள்ளச் சொன்னதாகவும். ஆக, இன்னொருவர் பொருளை விற்றுக்கொடுத்துக் கமிஷன் வாங்குவது மார்க்கம் அறிந்த தொழில். அதில் நாக்கு வழுக்கும் என்பதும் அன்றைக்கே எச்சரிக்கப்பட்ட விஷயம்.

இப்போது ஹோட்டல் ஹாலுக்கு வருவோம். திருச்சியிலோ கோவையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். டை கட்டிய ஒருவர் மேடையில் ப்ளான் காட்டுகிறார். நீங்கள் ஆறு பேரைச் சேருங்கள், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கட்டும் என்று வட்டம் வட்டமாகப் போர்டில் போடுகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதே கணக்கை நாம் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்ப்போம். முதல் படியில் 6, இரண்டாவதில் 36, மூன்றாவதில் 216. ஐந்தாவது படியில் 7,776. பத்தாவது படியில் மட்டும் 6 கோடியே 4 லட்சத்துக்கு மேல். முதல் படியிலிருந்து பத்தாவது வரை கூட்டினால் 7 கோடியே 25 லட்சம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்தவர்கள் 7 கோடியே 21 லட்சம் பேர். தொட்டில் குழந்தையும் மூத்த நன்னியும் உட்பட மொத்த மாநிலமும் பத்தாவது படியில் முடிந்துவிடுகிறது. பதின்மூன்றாவது படிக்கு உலகத்தில் ஆள் போதாது.

இதில் இன்னொரு விஷயத்தை மேடையில் சொல்ல மாட்டார்கள். எந்தப் படியில் இந்த வட்டம் நின்றாலும், சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஆள் சேர்த்துத்தான் வருமானம் என்றால் அந்த ஐந்து பேருக்கும் வருமானம் கிடையாது. அவர்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல, கணக்கு அப்படி. "நீ உழைக்கவில்லை, நீ நம்பிக்கை வைக்கவில்லை" என்று அந்த ஐந்து பேரையும் திட்டுவதைக் கேட்டால் எங்களுக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். பணத்தையும் இழந்து, தன்னிடம்தான் குறை என்ற எண்ணத்தோடும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அந்தக் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வருமானம் வர ஒரே வழி, பொருளை விற்பது. அதுவும் வாங்குகிறவர் ஐடிக்காக வாங்காமல் பொருளுக்காக வாங்க வேண்டும். வெளிநாட்டுச் சட்டமும் நம் நாட்டுச் சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு போட்டிருக்கின்றன. 1979இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் ஆம்வே நிறுவனத்தின் வழக்கில் அது பிரமிடு திட்டம் அல்ல என்று சொன்னபோது, அதற்கு எடுத்துக்காட்டிய காரணங்களைப் பாருங்கள். வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தை விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளர்களுக்காவது விற்றிருக்க வேண்டும், விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நிறுவனத்தில் விதிகள் இருந்தன. அதே தீர்ப்பில், வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதற்காக அந்த நிறுவனத்தைக் கண்டிக்கவும் செய்தார்கள். நம் நாட்டில் 1978ஆம் ஆண்டிலேயே பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்றே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதிகள் வந்தன. சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டிச் சொல்லாமலும் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. போனவுடன் தான் யார், எந்த நிறுவனம், எதற்காக வந்திருக்கிறேன் என்று உண்மையைச் சொல்ல வேண்டும். இன்னும் ஆட்களைச் சேர்த்துவிட்டால் கொடுத்த விலையைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று ஆசை காட்டி விற்கக் கூடாது.

"ஒரு நல்ல விஷயம் இருக்கு மச்சான், என்னன்னு கேக்காதே, வந்து பாரு" என்று அழைத்துப் போகிறார்களே, அது அந்த விதிக்கே மாறானது. சட்டம் கிடக்கட்டும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்த ஹதீஸ் நம் பிள்ளைகள் மக்தபிலேயே கேட்டதுதான். என்ன விஷயம் என்று சொல்லாமல் அழைத்துப் போவது ஈரத்தை அடியில் வைப்பது இல்லையா?

மார்க்கச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஃபத்வா கொடுக்கும் இடத்தில் நாங்கள் இல்லை, ஹஜ்ரத்மார்கள் முன்னால் இருக்கிறார்கள். தெரிந்த அளவில் சொன்னால், பொருள் ஒரு சாக்காக இருந்து கமிஷனே நோக்கமாக இருக்கும் திட்டங்களைச் சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழு ஹிஜ்ரி 1425இல் ஹராம் என்று அறிவித்தது. கொடுக்கும் பணத்துக்கு என்ன திரும்பும் என்று தெரியாத தன்மையும், சூதாட்டத்தின் சாயலும், பொருளைக் காட்டிப் பணத்துக்குப் பணம் வாங்கும் தன்மையும் அதில் இருப்பதாகக் காரணம் கூறினார்கள். இந்தோனேசியாவின் உலமா கவுன்சில் 2009இல் வேறு விதமாக அணுகியது. படிநிலை நேரடி விற்பனையை அடியோடு தடுக்காமல் பன்னிரண்டு நிபந்தனைகள் போட்டது. உண்மையான பொருள் இருக்க வேண்டும், விலையை அநியாயமாக ஏற்றக் கூடாது, கமிஷன் உண்மையான உழைப்புக்கும் விற்பனைக்கும் ஏற்ப இருக்க வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும். ஒரு பக்கம் தடை, ஒரு பக்கம் நிபந்தனை. இரண்டு தரப்பும் கேட்கிற கேள்வி ஒன்றே. காசு எங்கிருந்து வருகிறது, விற்ற பொருளிலிருந்தா, சேர்ந்த ஆளிடமிருந்தா? நீங்கள் சேர நினைக்கும் கம்பெனியின் ஒப்பந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் போய்க் கேளுங்கள். வாயால் கேட்டால் அவரும் வாயால்தான் பதில் சொல்ல முடியும்.

இனி விற்கும் திறமைக்கு வருவோம். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைத்து வந்தோம்.

எங்கள் அலுவலகத்தில் கடன் வாங்கிய ஒரு சகோதரியைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். ஈரோட்டிலிருந்து நைட்டியும் உள்பாவாடையும் வாங்கி வந்து வீட்டிலேயே விற்கிறவர். ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தின் சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் போன்றவற்றையும் சேர்த்து விற்க ஆரம்பித்தார். கூடவே அவருடைய தெருவில் இன்னும் பலர் அதே நிறுவனத்தில் சேர்ந்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அவர் மட்டும் மிச்சம். மற்றவர்கள் வீட்டில் அட்டைப் பெட்டி மிச்சம். என்ன வித்தியாசம் என்று அவரிடமே கேட்டோம். "எனக்கு முன்னாடியே வாங்குற ஆளு இருந்தாங்க பாய், அவங்களுக்கு ஆளைத் தேடணும்" என்றார். அவ்வளவுதான் பதில்.

மற்றவர்களின் கணக்கையும் பாருங்கள். ஐடி ஆக்டிவாக இருக்க மாதம் 3,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய விலையில் 20 சதவீதம் லாபம் என்றால், எல்லாம் விற்றுத் தீர்ந்தாலும் 600 ரூபாய்தான். பாதி விற்றால் கைக்கு வருவது 1,800. போட்டது 3,000. மாதம் 1,200 ரூபாய் கையிலிருந்து போகிறது, வருஷத்துக்கு 14,400. அதற்கு ஈடாகச் சமையலறைப் பரணில் சோப்பு இருக்கிறது. "சொந்த உபயோகத்துக்கு ஆச்சு" என்று மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள். மாதம் 1,500 ரூபாய்க்குச் சோப்புப் போடுகிற குடும்பம் நம் ஊரில் எது?

ஆகவே நாங்கள் சொல்வது, முதலில் பொருளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்பவருக்கு வேண்டிய முதல் திறமை பேச்சு என்று நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் கணக்கு வேண்டும். ஒரு பாட்டில் திரவம் 280 ரூபாய், நாற்பது நாள் வருகிறது என்றால் ஒரு நாளைக்கு 7 ரூபாய். பத்து ரூபாய் சோப்புக் கட்டி நான்கு நாள் வந்தால் ஒரு நாளைக்கு இரண்டரை ரூபாய். இந்த வித்தியாசத்துக்கு உங்களிடம் உண்மையான பதில் இருக்கிறதா? கை பொரியாமல் இருக்கிறது, துணியில் கறை நிற்கவில்லை என்று நீங்களே உபயோகித்துப் பார்த்துச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருப்பார்கள். பதில் இல்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். அதை எந்தப் பேச்சுத் திறமையாலும் ஒரு தடவைக்கு மேல் விற்க முடியாது.

வீட்டில் போய் விற்பதற்கு ஏற்ற பொருள், ஏற்காத பொருள் என்று உண்டு. டப்பர்வேர் டப்பாக்கள் முதலில் அமெரிக்கக் கடைகளில் சரியாக விற்கவில்லை. மூடியை எப்படி அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுவது என்பது மக்களுக்குத் தெரியவில்லை. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீடுகளில் பெண்களைக் கூட்டி வைத்துச் செய்து காட்டி விற்றார். அது நன்றாகப் போனதால் 1951இல் நிறுவனம் கடைகளிலிருந்து சரக்கையே எடுத்துவிட்டது. செய்து காட்ட வேண்டிய பொருளுக்கு ஆள் தேவை. பல் பொடிக்கு எதற்கு ஆள்? அதே பொருளைப் பக்கத்து மளிகைக் கடையில் பாதி விலைக்குக் கொடுத்தால் நீங்கள் உறவைக் காட்டித்தான் விற்க வேண்டியிருக்கும்.

உறவைக் காட்டி விற்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட்வொர்க்கில் சேர்ந்தவுடன் அப்லைன் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம், தெரிந்தவர்கள் நூறு பேர் பெயரை எழுது என்பது. மாமி, சாச்சி, மச்சான், கூடப் படித்தவன் என்று எழுதுகிறார்கள். அந்தப் பட்டியல் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்கத் தெரிந்தால்தான் தொழில். தெரியாதவர்கள் அந்த நூறு பேரையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறார்கள். மாமி வருகிறார் என்றால் கதவைத் திறக்கவே யோசிக்கிறார்கள்.

எங்களிடம் பஞ்சாயத்துக்கு வந்த ஒரு விவகாரம் இருக்கிறது. ஒரு பிள்ளை, தன் சாச்சியின் வளையலை அடகு வைக்கச் சொல்லி அவரையும் தனக்குக் கீழே சேர்த்துவிட்டான். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை, அவனுடைய பணமும் அதில்தான் இருந்தது. அந்த நிறுவனம் ஒரு நாள் ஆபீஸைப் பூட்டிவிட்டது. சாச்சியின் மகள் நிக்காஹ்வுக்கு அவன் வரவில்லை. வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவனுக்கு முகம் காட்ட முடியவில்லை. மாதாமாதம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம், பாதிகூட இன்னும் முடியவில்லை. பணத்தை எப்படியும் அடைத்துவிடலாம். இரண்டு குடும்பமும் பெருநாளைக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட எத்தனை நாளாகுமோ, அல்லாஹ் அறிவான்.

எனவே உறவினர்களுக்கு விற்கவே கூடாதா என்று கேட்பீர்கள். விற்கலாம். அவர் வேண்டாம் என்றால் அடுத்த வார்த்தை பேசாமல் வேறு விஷயத்துக்குப் போய்விட வேண்டும். வேண்டாம் என்ற சொல்லைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வது விற்பவருக்கு வேண்டிய பெரிய திறமை. ஹோட்டல் கூட்டங்களில் இதற்கு நேர்மாறாகச் சொல்லித் தருகிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் அதை ஆட்சேபணை என்று பெயர் வைத்து, அதற்கு ஏழு பதில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பழைய தவணைக்கார பாய்க்கு ஏழு பதில் தெரியாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு, "அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருவேம்மா" என்று போய்விடுவார். அடுத்த வாரம் சொன்ன நாளில் வருவார். அதுதான் அவருடைய பதில்.

அடுத்து, கேட்பது. விற்பவர் பேசுவதைவிடக் கேட்க வேண்டும். "மாமி, இப்ப என்ன போடுறீங்க? அதுல என்ன பிடிக்கலை?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவரே சொல்லிவிடுவார், உங்கள் பொருள் அவருக்கு வேண்டுமா வேண்டாமா என்று. வேண்டாம் என்று உங்களுக்கே தெரிந்தால், "இது உங்களுக்குச் சரிவராது மாமி" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு விற்பனை போகும். அந்தத் தெருவில் உங்கள் வார்த்தைக்கு ஒரு மதிப்பு வந்துவிடும். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரி. குறையுள்ள ஒரு துணியை, குறையைச் சொல்லாமல் அவர்களுடைய கூட்டாளி மறதியாக விற்றுவிட்டதை அறிந்து, அந்தச் சரக்கின் விலை முழுவதையும் ஸதகா செய்துவிட்டதாக அவர்களுடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லும் நாம், அவர்களுடைய தொழுகைச் சட்டங்களைப் படித்த அளவுக்குக் கடைக் கணக்கைப் படிக்கவில்லை.

உடல்நலப் பொருட்கள் விற்கிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. சத்துப் பவுடர், காப்சூல், ஜூஸ் என்று எதையோ கொடுத்து, "சர்க்கரை போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று சொல்கிறார்கள். அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி அப்படிப் போட்டாக வேண்டும். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கம்பெனி டப்பாவில் எழுதத் துணியாததை நீங்கள் ஏன் வாயால் சொல்கிறீர்கள்? நம் தெருக்களில் சர்க்கரை இல்லாத வீடு எது? ஒரு பெரியம்மா உங்கள் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தினால், அதன் பிறகு நடப்பதற்கு உங்கள் அப்லைன் வந்து நிற்க மாட்டார்.

நோட்டு வையுங்கள். யாருக்கு, என்ன, எப்போது, எவ்வளவு, பாக்கி என்ன. திரவம் நாற்பது நாளில் தீரும் என்றால் முப்பத்தைந்தாவது நாள் ஒரு போன். இதைச் செய்கிற பெண்கள் நம்மிடையே மிகச் சிலர். கடன் கொடுப்பதிலும் அளவு வேண்டும். இரண்டு தவணைக்கு மேல் பாக்கி நிற்கும் வீட்டுக்கு மூன்றாவது முறை சரக்குக் கொடுக்காதீர்கள். முகத்துக்காகக் கொடுத்துவிட்டுப் பிறகு புறம் பேசுவதைவிட, முதலிலேயே இல்லை என்று சொல்வது மேல்.

இந்தத் திறமைகள் கைவந்த பிறகு ஒருவர் தனக்குக் கீழே ஆட்களைச் சேர்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. தான் செய்ததை அவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். கூடவே நாலு வீட்டுக்குப் போய், எப்படிப் பேசுவது என்று காட்ட முடியும். அந்த உழைப்புக்கு வரும் கமிஷனுக்கு ஒரு அர்த்தம் உண்டு. தானே ஒரு பாட்டில் விற்காதவர் பத்துப் பேரைச் சேர்த்தால் அந்தப் பத்துப் பேருக்கு எதைச் சொல்லித் தருவார்? ப்ளானைத்தான் சொல்லித் தருவார். அவர்களும் ப்ளானைத்தான் விற்பார்கள்.

நம் அறக்கட்டளையின் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறோம். ஐடி போடுவதற்கோ, ரேங்க் உயர்வதற்கோ, மாதாந்திரக் கட்டாயச் சரக்கு எடுப்பதற்கோ வட்டியில்லாக் கடன் கொடுப்பதில்லை. இது பைத்துல்மால் பணம், திரும்பி வந்து இன்னொரு குடும்பத்துக்குப் போக வேண்டிய பணம். நேரடி விற்பனைப் பொருட்களைச் சரக்காக வாங்கி விற்க விரும்புகிறவர்களுக்கு, மூன்று மாத விற்பனை நோட்டைக் காட்டினால் மற்றச் சில்லறை வியாபாரத்தைப் போலவே பரிசீலிப்போம். அந்த நோட்டில் உள்ள பெயர்களில் உங்களுக்குக் கீழே சேராதவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்போம். பத்துப் பேராவது இருந்தால் நல்லது. நோட்டு இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். முதலில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்கு எந்தப் பொருளையாவது, ஊறுகாயோ மிளகாய்த்தூளோ பர்தா துணியோ, வாங்கி விற்றுப் பாருங்கள். முன்பின் தெரியாத பத்து வீட்டில் விற்க முடிந்ததா, அவர்களில் நாலு பேராவது மறுபடி கேட்டார்களா என்று பாருங்கள். அது முடிந்தால் எந்தக் கம்பெனியும் இல்லாமலே உங்களுக்குத் தொழில் இருக்கிறது. அப்போது ஒரு கம்பெனி வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஏற்கெனவே பணம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருக்காதீர்கள். ஒப்பந்தத் தாள், ரசீது, பணம் அனுப்பிய வங்கி விவரம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாமல் எடுத்து வையுங்கள். விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அந்த நாள் தாண்டுவதற்குள் எழுத்து மூலம் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் ஆன்லைனில் ஏமாற்றப்பட்டிருந்தால் உடனே 1930. நிறுவனமே பூட்டிவிட்டது என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். புகார் எழுத நம் அலுவலகத்தில் உதவி செய்கிறோம். பெண்கள் மகளிர் குழுச் சகோதரிகளிடமே பேசலாம், விவரம் வெளியே போகாது.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். விற்பனை நோட்டு எழுதும் முறையைப் பொருளாளர் சொல்லித் தருவார். ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா கொண்டு வாருங்கள். நீங்கள் சேரப்போகும், அல்லது சேர்ந்திருக்கும் கம்பெனியின் தாள்கள் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், ஹஜ்ரத் அவர்களும் வக்கீல் ஒருவரும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.